ஒரு நாளைக்கு நாலு நிமிடம்

"மொதல்ல அந்த வாட்சைக் கழட்டு. தண்ணி ஊத்தணும்" என்றார் பெரியப்பா.

கலைமகள் அப்பாவின் வலது மணிக்கட்டைத் தூக்கிப் பட்டையை அவிழ்த்தாள். இடது கை டயாலிசிஸ் ஊசிக்கென்று போன பிறகு வாட்ச் வலது கைக்குக் குடிமாறியிருந்தது. கை கனத்தது. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"உசுரு போனப்ப மணி என்ன?" பெரியப்பாவின் மடியில் பஞ்சாங்கம் விரிந்திருந்தது. "இன்னைக்குப் பத்து நாப்பத்தேழு வரைக்கும் திருவோணம். அப்புறம் அவிட்டம். அவிட்டத்துல போயிருந்தா ஆறு மாசம் அடைப்பு. வீட்டைப் பூட்டிரணும். ஒங்கம்மா நம்ம வீட்டுல வந்து இருக்கட்டும்."

திருப்பனந்தாளில் அவருக்கு ஏழு மாடு. ஆள் நிற்கவே மாட்டேன்கிறார்கள் என்று பெரியம்மா பொங்கலிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறாள். அம்மா அங்கே போனால் சாணி அள்ளத்தான் போவாள். இங்கே இருப்பது ஓர் அறையும் சமையல்கட்டும். பூட்டினால் மொத்தமும் பூட்டியதுதான். ஆறு மாதம் கழித்துச் சாவி யார் கையில் இருக்கும் என்பது வேறு கதை.

சுவரில் சாய்ந்திருந்த அம்மா சொன்னாள். "அவரு கையிலயே பாத்தேன். பத்து நாப்பத்தொண்ணு."

கலைமகள் கையிலிருந்த வாட்சைப் பார்த்தாள்.

அந்த வாட்ச் ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்தங்கும். அப்பா கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பர். ஒரு நிமிடம் தாமதித்த டிரைவரை ஊர் கேட்கத் திட்டியவர். அவர் கையில் கட்டிய வாட்சுக்கு இந்த லட்சணம். தினமும் காலையில் சாவி கொடுக்கும்போது யாரிடமாவது மணி கேட்டு முள்ளைத் திருத்திக்கொள்வார். சர்வீஸுக்குக் கொடுங்கள் என்றால் சிரிப்பார்.

"எதுக்கு? ஒரு சாவிக்கு அது முப்பத்தாறு மணி நேரம் ஓடுது. நான் ஒரு டயாலிசிஸுக்கு மூணு நாள் ஓடுறேன். நான்தான் ஒசந்த மாடல்."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். கலைமகள் கவுன்டரில் நின்று கத்தினாள். அப்பா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "விடும்மா. அதாவது சர்வீஸுக்குப் போச்சேன்னு சந்தோஷப்படு."

முள்ளைக் கடைசியாகத் திருத்தியது திங்கட்கிழமை. அதற்குப் பிறகு மணி கேட்கவில்லை, சாவி மட்டும் கொடுத்தார். இன்று காலையில்கூட, படுத்தபடி. இன்று வியாழன். மூன்று நாள், பன்னிரண்டு நிமிடம். மூச்சு நின்றதும் அவள் ஆம்புலன்சுக்கு அடித்தது போனில் 10.53 என்று கிடந்தது. அவிட்டம்.

"ஏ கலை, எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவ நீ. அது சரியாத்தான் ஓடுதா? ஆறு நிமிசம்தான் இடைவெளி. தப்பாச்சுன்னா குடும்பத்துக்கே ஆவாது."

"சரியாத்தான் ஓடுது பெரியப்பா."

"கொண்டா, போனோட வச்சுப் பாப்போம்."

"ஈரமா இருக்கு. தொடச்சுத் தரேன்."

மூலைக்குத் திரும்பித் துப்பட்டாவுக்குள் குமிழை இழுத்தாள். பன்னிரண்டு நிமிடம் முன்னால் தள்ளினாள். குமிழை இன்னும் உள்ளே அழுத்தவில்லை. அதற்குள் பெரியப்பா வந்து பிடுங்கி, வாசலில் மாலையோடு நின்ற மீரா உசேனிடம் நீட்டிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வாசலில் வாட்ச் கடை வைத்திருப்பவர்.

"பாய், நீங்க தொழில்காரரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க. இதுல மணி சரியா?"

"கல்யாணம் அண்ணே, ஒரு நாள் கழட்டிக் குடுங்கண்ணே, உள்ள எண்ணெய் காஞ்சு கெடக்கு" என்று அப்பாவிடம் பதினைந்து வருடம் கெஞ்சியவர் மீரா உசேன். வாட்சைக் காதில் வைத்தார். தன் கை வாட்சைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். சாவிக் குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு கலைமகளைப் பார்த்தார், அம்மாவை, பஞ்சாங்கத்தில் செருகியிருந்த பெரியப்பாவின் விரலை.

கட்டைவிரலால் குமிழை உள்ளே அழுத்தினார்.

"போன மாசம்தாங்க சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன். நிமிசம் பிசகாது."

பெரியப்பா பஞ்சாங்கத்தை மூடினார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகத் துக்கம் தெரிந்தது.

நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே, வரப்பில் ஒருவர் பின் ஒருவராக அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீரா உசேன் பின்தங்கி, வயல் ஓரம்வரை வந்து நின்ற கலைமகளின் கையில் வாட்சை வைத்தார்.

"இப்பவாவது கொண்டா பாப்பா. ஒரு மணி நேர வேலைதான்."

மறுநாள் விடிந்ததும் அம்மா வாசலைக் கூட்டினாள். அவள் வாசல்.

"பால் தெளிக்கப் போறவங்க வந்துருவாங்க. மணி என்னடி?"

போனில் 6.03. வாட்சில் ஆறு.

"ஆறும்மா" என்றாள்.

முள்ளைத் திருத்தவில்லை. சாவி மட்டும் கொடுத்தாள்.