பெரிய உண்மைக்கு ஒரு மதிப்பெண்

‘நாற்காலி யாருக்கு’ நிகழ்ச்சி தொடங்கிய காலத்தில் அதற்கு ஒரே ஒரு விதிதான். மேடை நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவரைக் கேள்வி பதிலில் ஜெயித்தால் அது உங்களுடையது. ஜெயிக்கிற ஆள் வரும்வரை எத்தனை வாரமானாலும் அவர் எழுந்திருக்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் ஊரே உட்கார்ந்து பார்த்தது. நான் அப்போது தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காதில் கருவி, கையில் இணைக்கிற வயர், வாயில் “எந்த நம்பர் வேணும்?”. ஓய்வு கிடைத்தால் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிப்பேன். ஒரு சனிக்கிழமை போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்திருக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. வேலையிடத்தில் என் குரலை எல்லோரும் கேட்டார்கள், முகத்தை யாரும் பார்த்ததில்லை. வீட்டில் நான் அக்கா, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தேன், நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். எனக்கென்று நானே சம்பாதித்தது அந்த நாற்காலி ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க நான் ஒன்றும் மகாத்மா இல்லை.

தயாரிப்பாளருக்கு மட்டும் நான் தொண்டையில் சிக்கிய முள்.

“ஜனங்க புது முகம் கேக்கிறாங்கம்மா” என்றார்.

“முகம் பழசானா புதுசா பவுடர் போட்டுக்கறேன் சார். கேள்வியைக் கேளுங்க” என்றேன்.

கேள்வியைக் கடினமாக்கிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அப்புறம் விதிகளில் கை வைத்தார்கள். முதலில் நேரக் கணக்கு வந்தது. பின்னால் பெரிய கடிகாரம் ஒன்றை மாட்டி, அதன் டிக் டிக் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டார்கள். அப்பா படுக்கையில் கிடந்த அறையில் ஒரு கடிகாரம் இப்படித்தான் ஓடியது. அன்றிலிருந்து அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தேன். பெட்டி கலரானதும் சக்கரம் வந்தது. வண்ண வண்ணமாக அது சுற்ற, முள் எங்கே நிற்கிறதோ அந்தத் தலைப்பில் கேள்வி. சுற்றுகிற எதைப் பார்த்தாலும் எனக்குத் தலை கிறுகிறுக்கும். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன், அதையும் ஜெயித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவளுக்காகக் கூடத்தையே கோணலாக்கினார்கள்.

இத்தனைக்கும் முன்வரிசையில் என் தங்கை உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. நான் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தைரியம் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக வந்தது ‘வீட்டுச் சுற்று’. இனிமேல் எதிராளி குடும்பத்திலிருந்தே வர வேண்டும். ஒவ்வொருவரும் தான் மறைத்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தை அட்டையில் எழுதிக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும், மற்றவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். படிப்புக்கு அங்கே வேலையே இல்லை.

“நான் வரட்டுமாக்கா?” என்று கேட்டாள் தங்கை. “கைதட்டித் தட்டி எனக்குக் கை தேஞ்சு போச்சு.”

எனக்குச் சந்தோஷம்தான். வேறு யாரோ வருவதற்கு இவள் வரட்டுமே என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒப்பனை அறையில் எனக்குப் பவுடர் போட்ட அம்மாளுக்கு வாய் ஓயாது. “உங்க தங்கச்சி ரொம்பக் கெட்டிக்காரிம்மா. தயாரிப்பாளர் ரூம்ல உக்காந்து எத்தனை யோசனை குடுத்திருக்காங்க! அந்தக் கடிகாரச் சத்தம் அவங்க சொன்னதுதான். சக்கரமும்தான்.”

“எங்க வீட்டுத் தங்கச்சியா?” என்றேன்.

“பின்ன வேற யாரு? அக்காவுக்கு என்ன ஆகாதுன்னு கூடப் பொறந்தவளுக்குத்தானே தெரியும்னாங்க.”

கடிகாரத்தின் கதையை நான் வேறு ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அழுதால் பவுடர் கலைந்துவிடும் என்று அந்த அம்மாள் எச்சரித்தாள். அழவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றைக்கு இதை இவளிடம் மட்டும் இழக்கக் கூடாது என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

கடைசிக் கேள்வி வரை இருவரும் சமமாகவே வந்தோம். கோட்டு போட்ட அறிவிப்பாளர் என் கவரை உயர்த்திப் பிடித்து, “உங்க அக்கா ஊருக்கு மறைச்ச விஷயம் என்ன?” என்று தங்கையைக் கேட்டார். நான் எழுதியிருந்தது சாதாரண விஷயம்: அலமாரியில் மடித்து வைத்த போர்வைக்குள் மிட்டாய் ஒளித்து வைத்துத் தின்பது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். பாதி மிட்டாயைத் தின்றவளே அவள்தான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. காமிராவைப் பார்த்தாள்.

“எனக்காகத்தான் அக்கா கல்யாணம் பண்ணிக்கலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது நிஜமில்லைங்க. ஒருத்தரை நம்பி, பதிவு அலுவலக வாசல்ல காலையிலேர்ந்து ஆபீசைப் பூட்டுற வரைக்கும் நின்னாங்க. அவர் வரவே இல்லை.”

அரங்கம் உச்சுக் கொட்டியது. என் காது சுட்டது. அந்த நாள் வீட்டுக்கு வந்து அவள் மடியில்தான் தலை வைத்து அழுதேன். அதை எடுத்து ஊர் முன்னால் கொட்டிவிட்டாள்.

அறிவிப்பாளர் அட்டையைப் பிரித்தார். “இதுல மிட்டாய்னுதான் இருக்கு! ஆனா இவங்க சொன்னது பெரிய உண்மை இல்லையா? விதியை இங்கேயே மாத்திக்கலாமா? பெரிய உண்மைக்கும் ஒரு மதிப்பெண்?”

“மாத்துங்க!” என்று கூட்டம் கத்தியது. ஓரத்தில் நின்ற தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார். மதிப்பெண் அவளுக்குப் போனது.

இப்போது என் முறை. நானும் ஒன்று சொன்னால் சமம். சமமானால் நாற்காலி பழைய ஆளுக்கே. அந்த ஒரு விதியை மட்டும் மாற்ற மறந்திருந்தார்கள்.

“உங்க தங்கச்சி மறைச்ச விஷயம் என்ன?”

எனக்குத் தெரியும். அவளும் மாப்பிள்ளையும் அவர் அம்மாவோடு சண்டை போட்டுப் பிரிந்து வந்திருந்த சமயம். ஒரு மாலை வெளியூரிலிருந்து அந்த அம்மா போட்ட போன் என் இணைப்புப் பலகைக்குத்தான் வந்தது. தங்கை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்து, “பேசுங்க” என்றேன். ஆபரேட்டரின் குரலை யார் கவனிக்கிறார்கள்? அவளும் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க நாங்கள் சற்று நேரம் லைனில் இருப்போம். “அவன் இருக்கானாம்மா? ஒரு வார்த்தை பேசணும்” என்றது அந்தக் குரல். “வெளியில போயிருக்காரு அத்தை” என்றாள் இவள். பின்னாலிருந்து மாப்பிள்ளை, “யாரு போன்ல?” என்று கேட்டார். “ராங் நம்பருங்க.” அந்த வாரமே அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். கடைசியில் அம்மா தன்னைக் கூப்பிடக்கூட இல்லையே என்று மாப்பிள்ளை இன்றுவரை உருகுகிறார்.

லைனில் கேட்டதை லைனிலேயே விட வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் விதி. எந்தத் தயாரிப்பாளரும் அதை மாற்றவில்லை. ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முன்வரிசையில் மாப்பிள்ளை, சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல், வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

“தெரியாது” என்றேன்.

அவள் அட்டையில், ‘அவருடைய பழைய சட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொலைந்துபோனதாகச் சொன்னது’ என்று இருந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “சாம்பியனுக்கே தெரியாத கேள்வி!” என்றார் அறிவிப்பாளர். நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள்.

வெளியே வரும்போது என் தோளில் கை போட்டாள்.

“கோவமாக்கா? விளையாட்டுன்னா அப்படித்தான். நீ பாவம், புத்தகமும் போனுமாவே இருந்துட்ட. என்னைப் பத்தி உனக்கு என்ன தெரியும், சொல்லு?”

மாப்பிள்ளை வாசல் பக்கம் முன்னால் நடந்துகொண்டே சொன்னார்: “எங்கம்மா மட்டும் இருந்திருந்தா, டீவில உன்னைப் பாத்துட்டு இந்நேரம் போன் பண்ணியிருப்பாங்க.”

“ஆமாங்க” என்றாள் அவள், கண் கலங்கிய மாதிரி.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவள் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, காதருகே குனிந்தேன். “அன்னிக்கு உங்க மாமியாருக்கு லைன் போட்டுக் குடுத்தது நான்தான்டி. ‘ராங் நம்பர்’ங்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இவ்வளவு நேரம் அந்தக் கேள்விக்குப் பதில் என் வாயில் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “அக்கா…” என்று கையைப் பிடிக்க வந்தாள்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பினார். “அக்காளும் தங்கச்சியும் அப்படி என்ன ரகசியம் பேசுறீங்க?”

பதில் சொல்ல வேண்டியவள் அவள். நான் படியிறங்கிவிட்டேன்.