மாட்டுக் கொட்டகையில் உட்காரச் சொன்னவர்

குணசீலன் அண்ணாவை நான் நேரில் பார்த்ததில்லை. டெலிகிராமில் தமிழில் பைத்தான் சொல்லித்தரும் குழு ஒன்றை நடத்துகிறார். பி.காம். முடித்து ஜவ்வாது மலையில் வீட்டோடு கிடந்த நான் அதில் சேர்ந்தேன். முதல் சந்தேகம் கேட்டதும் நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவர்தான் எந்த வரியை உள்ளே தள்ளி எழுதவேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டினார். செய்த நன்றியை மறக்கிற ஆள் நான் இல்லை.

ஓரளவு எழுதத் தேறியதும், சென்னையில் தெரிந்த கம்பெனியில் பயிற்சி வேலைக்கு என் பெயரைச் சொல்வதாகச் சொன்னார். அப்பா ஆலங்காயத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். கிடைக்காவிட்டால் தை மாதம் தாலி.

அதற்குமுன் யூடியூப் நேரலையில் நான் பேசவேண்டுமாம். அவருடைய கட்டண வகுப்புக்கு விளம்பரம். முந்தின நாள் போன் செய்தார்.

"கீதாஞ்சலி, வீட்டுக்குள்ள வேணாம்மா. மாட்டுக் கொட்டகையில உக்காரு. பழைய துணியா போட்டுக்க. கம்ப்யூட்டரையே பாத்ததில்லன்னு சொல்லு."

எங்கள் வாசலில் டிராக்டர் நிற்கிறது. அப்பா வாங்கித்தந்த லேப்டாப்பில்தான் படிக்கிறேன். சந்தேகம் வந்து குழுவின் விளம்பரத்தைத் திறந்தேன். என் புகைப்படத்தில் முகத்தை இன்னும் கறுப்பாக்கி, 'ஒரு வேளைக் கஞ்சி குடித்துக் கோடிங் கற்ற மலைமகள்' என்று போட்டிருந்தார். த்தூ! கஞ்சியாம், ஒரு வேளையாம். கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அம்மாவிடம் காட்டினேன்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நீ இன்னாடி பண்ணப் போற?"

வேலை போய்விடுமே என்றேன். அதைச் சொன்ன என் வாயை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கூடத்தில், ஃபிரிட்ஜுக்கு முன்னால், தீபாவளிச் சுடிதாரில் உட்கார்ந்தேன். அண்ணாவின் முகம் சுண்டிப்போனது. சமாளித்துக்கொண்டு, பட்டினி கிடந்த நாட்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

"பட்டினி எல்லாம் இல்லீங்கண்ணா. மூணு வேளையும் துன்றோம். நீங்க நல்லா சொல்லித் தந்தீங்க, அது நெசம். மத்ததெல்லாம் நீங்களா எழுதுனது" என்றேன்.

அடுத்த வார்த்தைக்குள் என் மைக்கை அணைத்தார். பிறகு என்னையே வெளியே தள்ளினார். டெலிகிராம் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார். சென்னை வேலை அத்தோடு போனது. ஆலங்காயத்துக்காரர்களுக்கு இனி அப்பா போன் போடுவார்.

யூடியூபில் நேரலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தேன். வாய் கூசாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"பாவம், மலையில சிக்னல் போயிடுச்சு. இந்த மாதிரி பிள்ளைங்களுக்காகத்தான் நான் வகுப்பே நடத்துறேன்" என்றார், தொண்டை கம்ம.

ஐயோ பாவம், ஐயோ பாவம் என்று கமென்ட்கள் கொட்டின. வகுப்பில் சேர எங்கே பணம் கட்டுவது என்று சிலர் கேட்டார்கள். போய்விட்டதாக அவர் சொன்ன அதே மலைச் சிக்னலில் படம் எங்கும் நிற்காமல் ஓடியது. நான் கீழே எழுதினேன்: 'கீதாஞ்சலி பேசுகிறேன். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. அவர்தான் என்னை வெளியே தள்ளினார்.'

ஒருத்தி உடனே பதில் போட்டாள்: 'அடடா, யார் போனையோ கடன் வாங்கி எழுதுது பாருங்க, பாவம்.'