அவர் சொல்ல வேண்டிய பாதி

மரியமுத்து வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கோட்டுச்சேரி வழியாக ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் ஒரு வம்பு, ஒரு சிரிப்பு. வீட்டுக்கு வந்தாலும் மனைவி டெய்சியை விடமாட்டார். சண்டையென்றால் அனல் பறக்கும். ஆனால் என்ன சண்டை நடந்தாலும் சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து செபமாலை சொல்லியாக வேண்டும். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதியை டெய்சி சொல்வாள், மறுபாதியை அவர் சொல்வார். கோபமாக இருந்தால் அவள் வெடுக்கென்று சொல்வாள். அவர் வேண்டுமென்றே இழுத்துச் சொல்வார். முடிவதற்குள் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அன்றைக்கு வரவில்லை. வரிச்சிக்குடியில் அவள் தம்பி புது வீடு குடிபுகுந்ததற்கு மரியமுத்து போகவில்லை. தலை வலிக்கிறது என்றார். நொண்டிச் சாக்கு என்று திரும்பி வந்து ஆடித் தீர்த்தாள் டெய்சி. விளக்கேற்றி, முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். அவரிடமிருந்து சத்தமில்லை.

"வீம்பா? அத நீங்களே வெச்சுக்குங்க" என்று மறுபாதியையும் தானே சொன்னாள். அடுத்த மணிக்கும் அப்படியே. கடைசி மணிவரை அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியபோது அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை துவண்டு மடியில் கிடந்தது. கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் யாரோ சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அது அவளைத் தின்றது.

உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. டெய்சி சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் மன்னித்தார், ஆண்டவரும் மன்னித்திருப்பார். மன்னிக்க வேண்டிய மனுஷனோ கட்டிலில் வாயில்லாமல் கிடந்தார். குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், சவரம் செய்துவிட்டாள். செபமாலையை மட்டும் தொடவில்லை. எந்த முகத்தோடு தொடுவாள்?

ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் கேட்டே விட்டாள். "என்னங்க, அன்னிக்கு நீங்க வீம்பு புடிக்கிறீங்கன்னுதான் நெனச்சேன். திரும்பி ஒரு பார்வ பாத்திருந்தா... மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் முயன்றார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, காற்றுதான் வந்தது. இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். டெய்சி பதறி அந்தக் கையைப் பிடித்தாள். தன் நிம்மதிக்காக இந்த மனுஷனை வதைக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"வேணாங்க, சொல்ல வேணாம். நான் கேக்கல, போதும்."

அவரை அமர்த்த வேறெதுவும் தோன்றவில்லை. வாய்க்கு வந்த ஜெபத்தின் முதல் பாதியை முணுமுணுத்தாள்.

மறுபாதி வந்தது. குழறலில்லை, தடங்கலில்லை, பஸ்ஸில் கூவிய அதே குரல். மரியமுத்துவே திகைத்துப்போனார். அவள் மறுபடியும் சொன்னாள், மறுபடியும் வந்தது.

"டெய்சின்னு சொல்லுங்க, பாப்போம்" என்றாள் ஆசையாக.

காற்றுதான் வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இனி வம்பிழுக்க மாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், மன்னித்தேன் என்றும் சொல்லப்போவதில்லை. அவர் வாயில் மிஞ்சியது தினமும் சொல்லிப் பழகிய இந்தப் பாதி ஜெபம்தான். அதுவும் அவள் தொடங்கிக் கொடுத்தால்தான் உண்டு. ஆணியில் கிடந்த செபமாலையை எடுத்துவந்து, அழுதுகொண்டே ஒவ்வொரு மணியாகத் தொடங்கிக் கொடுத்தாள்.

கடைசி மணியோடு அவர் குரலும் நின்றது. அந்த மௌனத்தை டெய்சியால் தாங்க முடியவில்லை. மாலையைத் திருப்பி முதல் மணியைப் பிடித்தாள்.