தலைவர் மேல் ஏறிய முலாம்

வியாபாரிகள் சங்கத் தலைவர் மேல் தங்க முலாம் ஏறியது, அவர் மறுபடியும் போட்டியின்றித் தேர்வான வாரத்தில். காது மடலில் ஆரம்பித்து, கழுத்து, மார்பு என்று இறங்கி, வெள்ளிக்கிழமைக்குள் உள்ளங்கால் வரை மின்னினார். அந்த வாரம் வெங்காய விலையும் ஏறியிருந்ததால் ஊரில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அவர் சட்டையில்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பக்கவாட்டுத் தோற்றத்தைக் காட்டினார். பாராட்ட வந்தவர்கள் அவர் தோளில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனார்கள்.

நடுங்கிப்போனது அவர் தங்கை ஒருத்திதான். முலாம் பூசிய கழிவிலிருந்து தங்கம் பிரிப்பது அவள் தொழில். கம்ப்யூட்டர் அட்டை, கடிகார மூடி, பரிசுக் கோப்பை என்று எத்தனையோ கரைத்தவள். அண்ணன் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை என்பதைப் பார்த்ததும் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாள். மயிர்க்கால் அத்தனையும் அடைத்துவிட்டது. உள்ளே அனலாகக் கொதித்தது. மூச்சு குறுகிக்கொண்டே வந்தது.

"இப்படியே விட்டா நீ நாளைக்கு இருக்க மாட்டே அண்ணே."

"சிலைக்கு எதுக்கு மூச்சு?"

"சிலைன்னா பேசாது. அந்தக் கொடுப்பினையும் எனக்கு இல்லை," என்றாள் அண்ணி, அவருக்கு விசிறிக்கொண்டே.

தங்கை முதலில் மேலே சுரண்டிப் பார்த்தாள். சுரண்டின இடத்தைப் பார்த்து, "அடடா, என்ன ஜொலிப்பு" என்று எவனோ ஒருவன் சொல்ல, அது முன்னைவிடத் தடிமனாக மூடிக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டு யோசித்தபோதுதான் தன் பட்டறையில் தினமும் செய்வது நினைவுக்கு வந்தது. அங்கே தங்கத்தை யாரும் தொடுவதில்லை. அடியில் இருக்கும் செம்பையும் நிக்கலையும் அமிலத்தில் கரைத்தால், பிடிமானம் போன தங்கம் தானே உரிந்து வரும். அண்ணன் மேல் அமிலம் ஊற்ற முடியாது. ஆனால் இவருக்கு அடியில் இருப்பது என்னென்ன பொய் என்று அண்ணிக்குத் தெரியாதா? அவளையே கேட்கச் சொன்னாள்.

"கூட்டத்துல கை தட்டினது யாருங்க?" என்று கேட்டாள் அண்ணி.

அவருக்கு மூச்சு இழுத்தது. கண் செருகியது. "கூலிக்கு வந்தவங்க," என்றார். தோளிலிருந்து ஒரு தகடு உரிந்து விழுந்தது.

"போட்டியே இல்லாம ஜெயிச்சது?"

"மத்தவங்க மனுவை நான்தான் வாங்கினேன். மேலே அனுப்பவே இல்லை." முதுகு மொத்தமும் கழன்றது.

"அந்த மேடைப் பேச்சு?"

"நீ எழுதிக் கொடுத்தது."

விசிறிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றுவிட்டது. இன்னொரு ஆள் காதில் விழும்படி அவர் அதைச் சொன்னதேயில்லை. அவர் நெற்றி முலாம் விண்டு, வியர்வை பொங்கி வழிந்தது. அறை முழுக்க ஆட்டுக்கிடை நாற்றம். தங்கை அதை ஆசை தீர முகர்ந்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதாள்.

உரிந்ததையெல்லாம் கூட்டி அள்ளி, வெங்காரப் பொடி போட்டு, மூசைக் கிண்ணத்தில் வைத்து உருக்கினாள். கடுகளவு தேறியது.

"இவ்வளவுதானா?" என்றார் அவர்.

"முலாம்னா இவ்வளவுதான் அண்ணே."

அவர் பதவி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, கடையில் உட்கார்ந்து நன்றாக வியர்த்தார். புதுத் தலைவர் வந்த மாதமே அந்தப் புதியவரின் மனைவி பட்டறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டுக்காரருக்கு மூக்கு நுனி மின்னுவதாகச் சொன்னாள்.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, நல்லது," என்றாள் தங்கை. "முத்தின பிறகு வர்றவங்கதான் அதிகம்."