பெல்ட்டில் போன பிரின்மோர்

“என்னை மாதிரியே ஒரு பொம்மை வெச்சிருக்காங்க” என்று பிரின்மோர் சொல்லிச் சொல்லி அவன் மனைவி நெஸ்டாவுக்குக் காது புளித்துவிட்டது. அவன் தலை நரைக்கும்வரை வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடி மியூசியமாக்கியிருந்தார்கள். பொம்மைக்கு முகம் வேண்டுமென்று பழைய ஆட்களைக் கேட்டபோது இவன் முந்திக்கொண்டான். முகத்தில் பிளாஸ்டரை அப்பிக்கொண்டு அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டிய வேலை. அதற்கு வேல்ஸ் தேசத்திலேயே அவனைவிடத் தோதான ஆள் கிடையாது என்பது நெஸ்டாவின் கருத்து.

கடைசியில் ஒரு சனிக்கிழமை தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டில் அவனோடு ஏறினாள். சுரங்கத்துக்கு எதிர்த் தெருவிலேயே வாழ்ந்தும் அவள் கீழே இறங்குவது இதுதான் முதல் முறை. வழிகாட்டி எம்லின், பிரின்மோரோடு ஒரே ஷிப்டில் இருந்தவன்.

கீழே ஒரு திருப்பத்தில் பொம்மை நின்றது. கையில் கரி வெட்டும் பிக்காசு, கன்றுக்குட்டி கனத்தில் புஜம்.

“மூஞ்சி உன்னுதுதான். தோள் யாரோடது?” என்றாள் நெஸ்டா.

“சின்ன வயசுல இப்படித்தானே இருந்தேன்.”

“சின்ன வயசுல உன்னைக் கட்டிக்கிட்டவ நான். எங்கிட்டயேவா?”

எம்லின் ஒரு பித்தானை அழுத்தினான். பதிவு செய்த குரல் உருகியது: “கூரை சரிந்து இடுப்பில் விழுந்தபோதும் தோழர்களை விட்டு ஓடாத வீரர் இவர்…”

கூட வந்த பயணிகள் தலைகுனிந்தார்கள். எம்லின் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

“என்னடா சிரிப்பு? அந்தத் தழும்புக்கு நான் எத்தனை வருஷம் எண்ணெய் தேச்சேன் தெரியுமா?”

“கூரையா? இவன் கரி போற பெல்ட்டுல படுத்துத் தூங்கிட்டான், நெஸ்டா! தெரியாம பெல்ட்டைப் போட்டுட்டாங்க. கரியோட கரியா போயி அந்தக் கோடியில தொப்புன்னு விழுந்தான். விழுந்தவன் கண்ணைத் திறந்து, ‘ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?’ன்னு கேட்டான்யா!”

குனிந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன. யாரோ ஓர் அம்மாள் வாய்விட்டே சிரித்தாள். பிரின்மோர் தன் பூட்ஸை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“மேல வா, பேசிக்கறேன்” என்றாள் நெஸ்டா.

அப்போதுதான் எம்லின் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னான். பழைய நாளின் இருட்டு எப்படியிருக்கும் என்று காட்டுவது அங்கே வழக்கம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாயிருந்தது. ஒரு கை தட்டுத்தடுமாறி வந்து நெஸ்டாவின் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரமாயிருந்தது.

“நெஸ்டா, இருக்கியா?”

“இல்ல, டீ குடிக்கப் போயிட்டேன்.”

“ராத்திரியெல்லாம் தூக்கமே வராது. காலைல இங்க இறங்கணுமேங்கிற பயம். அந்த அசதிதான்…” அவன் காதோடு சொன்னான். “உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

திட்டுவதற்கு வாயில் வந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் நெஸ்டா விழுங்கிக்கொண்டாள். இந்த இருட்டுக்கா தினமும் ரொட்டியும் சீஸும் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்?

“கழுதை. சொல்லியிருந்தா நானும் சேர்ந்து பயந்திருப்பேன்ல?” என்றாள். விளக்குகள் எரிந்த பிறகும் கையை உதறவில்லை.

மேலே கூண்டுக்குக் காத்திருந்த அடுத்த கூட்டத்திடம் அந்தப் பெல்ட் கதையை அவளே சத்தம் போட்டுச் சொன்னாள். தொப்பென்று விழுந்ததை நடித்தும் காட்டினாள். மியூசியத்து மேலாளர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

இப்போது சனிக்கிழமைகளில் நெஸ்டா கதை சொல்கிறாள். பிரின்மோர் கேன்டீனில் கறிப்பணியாரம் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். “பெல்ட்டில் போன ஆள் நீங்கதானா?” என்று கேட்பவர்களிடம், “அவ சொல்றதுல பாதி பொய். நான் ரெண்டு தடவை போனேன்” என்பான்.