இடப்பக்கம் கேட்டவன்

லோயிக் பாவ்லாக்கின் முதுகைப் பார்த்துக் கத்தியே என் தொண்டை போயிற்று என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை. நான் ஒப்ரகூர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவன் எனக்கு முன்னால் நிற்கும் டிஃபெண்டர். பத்து சீசன் நான் பின்னாலிருந்து கத்தினேன், பத்து சீசன் அவன் தன் இஷ்டத்துக்கு ஆடினான்.

எங்கள் ஊர் பழைய சுரங்க ஊர். இரண்டாம் டிவிஷனில் ஏறவும் மாட்டோம், இறங்கவும் மாட்டோம். சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டே ஜனங்கள் எங்களைத் திட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் உருளைக்கிழங்கு வறுவல் வண்டி முன்னால் நின்று, வெளியூர்க்காரன் யாராவது எங்களைக் குறை சொன்னால் அவனோடு சண்டைக்குப் போவார்கள். லோயிக்கை மட்டும் வண்டி முன்னாலும் திட்டினார்கள். அவன் பக்கத்து ஊர்ப் பையன், போலந்திலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பம். உரிமையோடு திட்டினார்கள்.

ஆட்டம் தெரியாதவன் இல்லை. அதுதான் எரிச்சலே. ஆறடி மூன்றங்குலம், நல்ல வேகம், எதிராளி எங்கே ஓடப்போகிறான் என்பது எதிராளிக்கே தெரியுமுன் இவனுக்குத் தெரியும். இருபத்தோரு வயதில் முதல் டிவிஷன் கிளப் ஒன்று அவனை வாங்கியது. தேசிய அணிக்குக்கூடப் போவான் என்று பேசினார்கள். ஆனால் அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வலது காலால் ஆடுகிறவன், நடுத் தடுப்பில் நிற்கும் இருவரில் இடப்பக்கம்தான் நிற்பேன் என்பான். வலது கால்காரனை வலப்பக்கம் நிறுத்துவது எந்தக் கோச்சும் யோசிக்காமலே செய்கிற காரியம். அங்கே இருந்த கோச்சும் அப்படித்தான் செய்தார். வலப்பக்கம் நிறுத்தியதும் லோயிக் வேறு ஆள் ஆகிவிட்டான். கூட நிற்பவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முதுகுக்குப் பின்னால் ஆள் ஓடுவது தெரியாது. பத்திரிகையில் பத்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டார்கள். அடுத்த வருஷம் அவனை இரவல் கொடுத்தார்கள். இரவல் வாங்கிய கிளப்பிலும் இதே வழக்கு. அங்கிருந்து கடற்கரை ஊர் ஒன்றுக்கு விற்றார்கள். அவர்களும் சலித்துப்போய் எங்கள் தலையில் கட்டினார்கள்.

ஆள் பழகுவதிலும் அப்படித்தான். பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் சீட்தான் வேண்டும். யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். சாப்பாட்டு மேஜையில் கடைசி நாற்காலி, இடப்பக்கம் சுவர். நீ ஏதாவது கேட்டால் சில நாள் பதில் சொல்வான், சில நாள் உன்னைத் தாண்டிப் போய்விடுவான். பையன்கள் அவனுக்குச் 'சீமான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சீமானுக்கு இன்றைக்கு நம்மோடு பேசும் மனநிலை இல்லை என்பார்கள்.

எங்களிடம் இருந்த பழைய கோச் அவனிடம் வாதாட அலுத்து, இடப்பக்கமே நில் என்று விட்டுவிட்டார். அந்த வருஷங்கள் பரவாயில்லை. பிறகு தெஸாந்தியே கோச்சாக வந்தார். தெற்கத்திக்காரர், ஒல்லி, வரைபடங்களில் நம்பிக்கை உள்ளவர். முதல் வாரமே லோயிக்கை வலப்பக்கம் மாற்றினார். லோயிக் மறுத்தான். காரணம் கேட்டார். "எனக்கு அங்க சரிப்படாது" என்றான். அது காரணம் இல்லை என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. லோயிக் வலப்பக்கமே ஆட வேண்டியதாயிற்று.

நவம்பரில் நார்மண்டி அணி ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. ஆட்டம் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் நடுவிலிருந்து ஒரு பந்தை உயரத் தூக்கிப் போட்டார்கள். சுலபமான பந்து. நான் வெளியே ஓடி வந்து, "என் பந்து!" என்று கத்தினேன். என் தாயார் பார்வையாளர் மாடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கேட்டது. லோயிக் துள்ளி எழும்பினான். பந்து அவன் தலையில் பட்டு என்னைத் தாண்டிப் போனது. அவன் மண்டையின் பின்புறம் என் மூக்கில் இறங்கியது. நான் தரையில் ரத்தத்தோடு கிடந்தபடி, பந்து ஆளில்லாத கோலுக்குள் நிதானமாக உருண்டு போவதைப் பார்த்தேன்.

உடை மாற்றும் அறையில் மூக்கில் பஞ்சோடு அவனைப் பிடித்துக்கொண்டேன். சொல்லக்கூடாத வார்த்தை எல்லாம் சொன்னேன். அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "நீ கத்தவே இல்ல, பிராங்க்" என்றான். இரண்டு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவன் மன்னிப்புக் கேட்க என் வீட்டுக்கு வந்தான். அவனாக வந்திருக்க மாட்டான், அவன் மனைவி ஓரியான் இழுத்து வந்திருந்தாள். கையில் அவள் சுட்ட சர்க்கரை டார்ட், எங்கள் பக்கத்து இனிப்புக் கேக். சமையலறை மேஜையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டு மேஜை அறை நடுவே இருக்கும், ஒட்டிக்கொள்ளச் சுவர் கிடையாது. நான் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். மூக்கு அடைத்து என் குரல் சன்னமாகிவிட்டிருந்தது. காப்பி இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அப்போது ஓரியான், என் மனைவியோடு பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், அவன் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பினாள். குழந்தையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி, தான் செய்வதே தெரியாமல் செய்தாள்.

அவன் மறுபடி டார்ட் பக்கம் திரும்பியதும், அதே சன்னக் குரலில், "லோயிக், வாசல்ல உன் கார் எரியுது" என்றேன்.

அவன் நிதானமாக ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டான். என் மனைவி ஜன்னலுக்கு ஓடினாள். ஓரியான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"சொல்லிடு, லோயிக். இதுக்கு மேல என்னால முடியாது" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

ஆறு வயதில் புட்டாளம்மை வந்து இடது காது அடியோடு போய்விட்டதாம். வலது காது நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரே காதால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இடப்பக்கம் நின்றால் மற்றவர்கள் எல்லாரும் அவனுடைய வலது காதுப் பக்கம் இருப்பார்கள், சமாளித்துக்கொள்வான். வலப்பக்கம் நிறுத்தினால், கூட ஆடுகிறவனும் கோல்கீப்பரும் செத்த காதின் பக்கம். கூட்டம் வேறு இரைந்தால் ஒன்றுமே கிடையாது.

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரத்தம் தலைக்கு ஏறியது. மேஜையைச் சுற்றி அவனுடைய வலப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"ஆறு வருஷம்டா. இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா நான் உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன், கை காட்டியிருப்பேன், எதையாவது செஞ்சிருப்பேன். என் மூக்காவது மிஞ்சியிருக்கும்."

"சொன்னா அனுப்பிடுவாங்க."

"யாருடா அனுப்புவா?"

பயிற்சி விடுதியில் சேர்ந்த வருஷம், அவனோடு ஒரே அறையில் இருந்தவனுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு என்று டாக்டர் கண்டுபிடித்தாராம். மதியத்துக்குள் பெட்டி கட்டி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே தன் காதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான். பிறகு எத்தனையோ கிளப்பின் டாக்டர்கள் அவனைச் சோதித்தார்கள். இதயம், முழங்கால், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். "என் பல்லக்கூட எண்ணிப் பாத்தாங்க பிராங்க். காது கேக்குதான்னு ஒருத்தனும் கேக்கல" என்றான். அதைப் பெருமையாகச் சொன்னான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். அது எனக்கு வந்த இரண்டாவது தலைவலி. விஷயம் தெரிந்த பிறகு அவனை வலப்பக்கம் பார்க்கவே பொறுக்கவில்லை. தெஸாந்தியேவிடம் போய், லோயிக்கை இடப்பக்கம் மாற்றுங்கள் என்றேன். ஏன் என்றார். அவனுக்கு அங்கே சரிப்படும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த அணியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பதில் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். அடுத்த ஆட்டத்தில் லோயிக் பெஞ்சில் உட்கார்ந்தான். அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டே போகவில்லை. ஜனவரியில் மூன்றாம் டிவிஷனுக்கு இரவல் அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஓரியான் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் தினமும் அவனிடம் கெஞ்சினேன், திட்டினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு இடது காதை என் பக்கம் திருப்பிக்கொள்வான். வேண்டுமென்றுதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால், வீடியோ பார்க்கும் கூட்டம் நடந்தது. தெஸாந்தியே திரையில் நவம்பர் ஆட்டத்தின் அந்த கோலைப் போட்டார். நிறுத்தி, மறுபடி போட்டார். மூன்றாம் தடவை என் மூக்கு உடைவதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அவர் விளக்கைப் போட்டுவிட்டு லோயிக்கின் எதிரே வந்து நின்றார்.

"பாவ்லாக், நாலு கோச் உன்னோட மல்லுக்கட்டியிருக்காங்க. நான் அஞ்சாவது. வலது கால்காரன் எதுக்கு இடப்பக்கம் கேக்குற? ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் விட்டுடறேன்."

லோயிக் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எனக்கு இடது காது கேக்காது, கோச்" என்றான்.

அறையே வெடித்துச் சிரித்தது. பத்து வருஷத்துக்கும் மேல் மூடி வைத்ததை ஒருவன் திறந்து காட்டினால், எல்லாரும் சீமான் முதல் தடவையாக ஒரு ஜோக் அடித்துவிட்டான் என்று கைதட்டுகிறார்கள். தெஸாந்தியேவின் முகம் சிவந்தது. வெளியே போ என்று கதவைக் காட்டினார். அந்த மடையனும் எழுந்து கதவை நோக்கி நடந்தான். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நான் எழுந்து கோச்சின் காதருகே போனேன். "அவன் உண்மையத்தான் சொல்றான். பின்னாலேருந்து, இடப்பக்கமா அவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி ஏதாவது சொல்லிப் பாருங்க" என்றேன்.

தெஸாந்தியே நம்பவில்லை. ஆனாலும் போனார். கதவருகே நின்றவனின் இடது தோளுக்குப் பின்னால் குனிந்து, தாழ்ந்த குரலில், உன்னை அடுத்த ஆட்டத்துக்கு கேப்டன் ஆக்குகிறேன் என்றார். முன்வரிசையில் இருந்த எங்கள் கேப்டனுக்கு அது நன்றாகக் கேட்டது. லோயிக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டான்.

கோச் அங்கேயே நின்றார். பிறகு மெதுவாக, "இத்தனை கிளப், இத்தனை டாக்டர். ஒருத்தர்கூடவா கேக்கல?" என்றார். யாரையோ திட்ட வேண்டும் என்று அவருக்கு இருந்தது, யாரை என்று தெரியவில்லை. கடைசியில் என்னைத் திட்டினார், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று. நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அணி டாக்டர் அவனைக் காது நிபுணரிடம் அழைத்துப் போனார். ஆடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை, எப்போதுமே இருந்திருக்காது என்று நிபுணர் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு வந்த லோயிக் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் பயிற்சி முடிந்து புல்லில் உட்கார்ந்திருந்தபோது அவனே வாய் திறந்தான்.

"இருபத்தோரு வயசுல இதைச் சொல்லியிருந்தா நான் இப்ப எங்க இருந்திருப்பேன்?"

தெரியாது என்றேன். அவன் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான். கண் கலங்கியிருந்தது. நான் அவனுடைய வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். மழை பிடிக்கும்வரை அப்படியே இருந்தோம்.

ஜனவரியில் அவன் எங்கும் போகவில்லை. இடப்பக்கம் ஆடினான். அவன் ஆட ஆரம்பித்த பிறகு நாங்கள் குறைவாகத்தான் கோல் வாங்கினோம், பத்திரிகையும் ஆறு, ஏழு என்று போட ஆரம்பித்தது. அந்த வருஷம் எட்டாவதாக வந்தோம். முதல் டிவிஷன் அவனைத் தேடி வரவில்லை. வயது இருபத்தொன்பது ஆகிவிட்டிருந்தது, அந்த வயதுத் தடுப்பாட்டக்காரனை யாரும் புதிதாகத் தேடுவதில்லை. பஸ்ஸில் பையன்கள் அவனுக்கு ஜன்னல் சீட்டை விட்டு வைத்தார்கள். ஆனால் பெயரை மாற்றவில்லை, சீமான் சீமானாகவே இருந்தான்.

என் நிம்மதி நீடித்ததா என்றால், இல்லை. மார்ச்சில் ஓர் ஆட்டத்தில், பின்னால் போ என்று நான் தெளிவாக, அவனுடைய நல்ல காதுப் பக்கத்திலிருந்து கத்தினேன். அவன் முன்னால் போனான். கோல் விழுந்தது. கேட்கவில்லையா என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"கேட்டுச்சு. நீ சொன்னது தப்பு" என்றான்.

இன்னும் நான்கு வருஷம் அப்படியே ஆடினான். முழங்கால் கைவிட்டபோதுதான் நிறுத்தினான். இப்போது எங்கள் கிளப்பிலேயே சின்னப் பையன்களின் தடுப்பாட்டத்துக்குக் கோச். இடது காதில் ஒரு கருவி மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்துச் சத்தத்தை வலது காதுக்குக் கடத்திவிடும் என்று நிபுணர் எப்போதோ சொன்னதை அவன் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. ஓரியான் வாரத்துக்கு ஒருமுறை எனக்கு போன் செய்து, நீங்கள் சொன்னால் கேட்பான் என்கிறாள். நான் சொல்லி அவன் கேட்ட ஒரு விஷயத்தையாவது நினைவுபடுத்திப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை அவனைக் காரில் ஏற்றி நிபுணரிடம் கூட்டிப்போவதாக அவளிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அவனிடம் சொல்லவில்லை.