கடைசி பெஞ்சின் குரல்

"ஸ்டாண்ட் அப் டு!" என்றாள் இங்கிலீஷ் டீச்சர்.

"ஸ்டாண்ட் அப் டு!" சட்டைக் கம்பெனியின் சாப்பாட்டு அறை அதிர்ந்தது.

அதிர்ந்து ஓய்ந்த பிறகு, கடைசி பெஞ்சிலிருந்து தனியாக ஒரு பெண் குரல்: "...அப் டு."

காஜா அக்காவுக்கு முதுகு சில்லிட்டது. மெஷினில் சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பதால் வந்த பெயர் அது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகே வாயைத் திறக்கும் அந்தக் குரல் அவள் தங்கையுடையது. போன மாதம் துணிக்கிடங்கில் தீப்பிடித்தபோது, புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போன தங்கை.

பெஞ்ச் காலியாக இருந்தது.

"யாருங்க அது, பஸ் போனப்புறம் கை காட்டுறது?" டீச்சர் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சரி, அர்த்தம் கேளுங்க. ஸ்டாண்ட் அப்னா எழுந்து நிக்கிறது. 'டு' சேர்த்து ஒரு ஆளைச் சொன்னா, அவரை எதிர்த்து நிக்கிறது. அவரு பெரிய ஆளு, உங்களுக்கோ உள்ளுக்குள்ள உதறல். இருந்தாலும் பின்வாங்கலை. அப்பதான் இதைச் சொல்லணும்."

"பொண்டாட்டிகிட்ட பண்ணலாமா டீச்சர்?" இஸ்திரி அண்ணன் கேட்டான்.

"தாராளமா. ராத்திரி சோத்துக்கு வேற இடம் பாத்துட்டுப் பண்ணுங்க."

சிரிப்பு பாதியில் அறுந்தது. வாசலில் மேனேஜர். இடுப்பில் சாவிக்கொத்து.

"மேடம், எத்தனை சலவைக்கும் இந்தத் துணி தாங்கும்னு சொல்லவும் அதே வார்த்தைதானே? அதை மட்டும் சொல்லிக்கொடுங்க. ஆளை எதிர்க்கிறதெல்லாம் இங்க யாருக்கும் தேவைப்படாது." பிறகு எல்லோரையும் பார்த்தார். "நம்ம சட்டையை வாங்குற வெளிநாட்டுக் கம்பெனியோட இன்ஸ்பெக்டர் வந்தாச்சு. கிடங்கைப் பத்திக் கேட்டா, கதவு உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுன்னுதான் சொல்லணும். மாத்திச் சொல்ற மகராசி நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை அவர் காஜா அக்காவைப் பார்த்தே சொன்னார்.

தீப்பிடித்த அன்று கிடங்குக் கதவுக்கு வெளியே தொங்கிய பூட்டைக் கம்பியால் நெம்பி உடைத்தவள் அவள்தான். வேலை போனால், தங்கை விட்டுப்போன கைக்குழந்தைக்குப் பாலுக்கு என்ன செய்வாள்?

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். கேட்டார். டீச்சர் தமிழில் சொன்னாள்: "கதவு எப்படி மூடியிருந்துச்சுன்னு கேக்கறாரு."

"உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு!" எல்லோரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். காஜா அக்காவின் உதடும் அசைந்தது.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இப்போது வரும்.

வரவில்லை.

கடைசி பெஞ்சில் அப்படியொரு மௌனம். சின்ன வயதில் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாளே, அதே மௌனம்.

காஜா அக்கா எழுந்தாள். முன்பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"பொய்யி! வெளியில பூட்டியிருந்துச்சு. பூட்டை உடைச்சது நான்."

"ஏய், உட்காருடி!" மேனேஜர் கத்தினார்.

அவள் உட்காரவில்லை. டீச்சர் மேனேஜரை ஒரு கணம் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவள் முடித்த பிறகு, எல்லோர் காதிலும் விழும்படி, பின்னாலிருந்து வந்தது:

"...வெளியில."

மேனேஜரின் கை சாவிக்கொத்தை இறுகப் பிடித்தது. ஆனாலும் கிலுகிலுவென்ற சத்தம் நிற்கவில்லை.